தொக்கம் ரஞ்சிதத்தின் பின்சிறுகுடல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் ரஞ்சிதம் வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். கோட்டைக்கு எந்தப் பக்கம் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறவர்கள்கூட, இதற்கு யோசிக்காமல் கை காட்டுவார்கள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு தடவை ஏறி, மூச்சு வாங்கி, போட்டோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ரஞ்சிதத்தைப் பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

ரஞ்சிதம் தொக்கம் எடுக்கிறவள். தின்ற பண்டம் எதுவோ செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும், அதனால்தான் பசி எடுப்பதில்லை, உடம்பு தேறுவதில்லை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பண்டத்துக்குப் பெயர்தான் தொக்கம். ரஞ்சிதம் ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, ஒரு பித்தளைக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சுவாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை உடம்பைக் குலுக்குவாள். பிறகு தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டில் துப்புவாள். தட்டில் ஒரு எலும்புத் துண்டோ, முடிச்சு விழுந்த தலைமுடியோ, முருங்கைக்காய்ச் சக்கையோ கிடக்கும்.

“பாத்துக்க. எந்தக் கல்யாணத்துல துன்னதோ” என்பாள். வந்தவருக்கு உடனே ஒரு கல்யாணம் ஞாபகத்துக்கு வரும். சாப்பாடு சரியில்லாத கல்யாணங்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தோலில் ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லாமல் எலும்பு எந்த வழியாக வெளியே வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற புத்தி உள்ளவர்கள் வருவதில்லை, வருகிறவர்கள் கேட்பதில்லை. தொழில் சௌகரியமாக நடந்தது. அனந்தபுரத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சுவரில் ‘இங்கு தொக்கம் எடுக்கப்படும்’ என்று பச்சை பெயிண்டில் எழுதி, கீழே செல்போனில் பணம் அனுப்புகிற அட்டையும் ஒட்டியிருந்தது.

குடலைப் பற்றி ரஞ்சிதத்துக்குச் சொந்தமாக ஒரு படிப்பு உண்டு. அவள் கணக்குப்படி தொண்டையில் ஆரம்பிக்கிற குடல் தோட்டத்துக் குழாய் மாதிரி நேராகக் கீழே இறங்கி, தொப்புளை ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கம் இடுப்பெலும்புக்கு உள்ளே ஒரு மூலையில் போய் நிற்கும். தொக்கம் உட்காருகிற இடம் அந்த மூலைதான். “இங்கதான் நிக்குது” என்று அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்துவாள். வந்தவர் ஆ என்பார். அந்த அழுத்து அழுத்தினால் யாராக இருந்தாலும் ஆ என்றுதான் சொல்வார்கள். ஏன் வலது பக்கம் என்றால், அவள் உட்காரும் பலகை அந்தப் பக்கம் கிடந்தது, இடது பக்கம் பீரோ இருந்தது. பீரோவை இடம் மாற்றிப் போட்டிருந்தால் செஞ்சி வட்டாரத்து ஜனங்களின் குடல் மொத்தமும் அந்தப் பக்கமே போயிருக்கும்.

புருஷன் ராஜாங்கத்துக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவான், வாய் பேச மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தால் றெக்கைத் துண்டு அவனுக்கு. சதையைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, எலும்பை மட்டும் மெல்லாமல் தட்டின் ஓரத்தில் வைப்பான். மறுநாள் அந்த எலும்பு தட்டிலும் இருக்காது, குப்பையிலும் இருக்காது. கழுவி, உடைத்து, வெயிலில் காய்ந்து ஒரு சிமிழுக்குள் போயிருக்கும். அது எங்கே போகிறது என்று அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் நடைமுறை. பேசிப் பேசியே கெட்டுப்போகிற குடும்பங்களுக்கு நடுவில் இந்தக் குடும்பம் பேசாமல் நன்றாக ஓடியது.

வருகிற ஆளைப் பார்த்துத்தான் பண்டம். கறி தின்கிறவர்களுக்கு எலும்பு. சைவக்காரர்களுக்கு முருங்கைச் சக்கை, பலாச்சுளை நார், அல்லது முடி. முடி எல்லா வீட்டுச் சாப்பாட்டிலும் வரும் என்பதால் அதற்குச் சைவம் அசைவம் கிடையாது. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பண்டம் ரஞ்சிதத்தின் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஆள் மாறிப் பண்டம் போனதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கர்வமே உண்டு.

அந்தத் திங்கட்கிழமை அனந்தபுரத்து ஆள் ஒருவர் வருவதாகப் போன் செய்திருந்தார். ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் ஒரு கை பார்க்கிறவர். வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. ரஞ்சிதம் றெக்கை எலும்புத் துண்டு ஒன்றை, ஒரு பக்கம் ஊசியாக உடைந்திருந்ததை, கன்னத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்தது ஜெயம்.

ஜெயம் என்றால் செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற வெங்கடரமணனின் மனைவி. முட்டை போட்ட கேக்கை வெட்டிய கத்தி பக்கத்து வீட்டில் இருந்தால்கூட இவர்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அவளுடைய மகள் பிரீத்தி டாக்டருக்குப் படித்து முடித்து, விழுப்புரம் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தாள். ஜெயத்துக்கு மாதக்கணக்கில் வலது அடிவயிற்றில் வலி. சாயங்காலமானால் ஜுரம், சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துவிட்டது. மகள் ஒரு குழாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்தக் குழாய் எந்த வழியாக உள்ளே போகும் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கே ஜெயம் ரஞ்சிதத்தின் குழாய்க்கு முடிவு செய்துவிட்டாள். இது தொப்புள் பக்கம் வைக்கிற கௌரவமான குழாய்.

“பிரீத்திக்குத் தெரியாம வந்திருக்கேன் ரஞ்சிதம். அவளுக்குத் தெரிஞ்சா கத்துவா” என்று சொல்லிக்கொண்டே ஜெயம் பாயில் படுத்துவிட்டாள். பிறகு தன் வலி, புருஷனின் சர்க்கரை, கடை ஆள் சொல்லாமல் லீவு போட்டது என்று பேசிக்கொண்டே இருந்தாள். ரஞ்சிதம் ம் கொட்டினாள். வாயில் பண்டம் இருக்கும்போது அவளால் அதுதான் முடியும். பழக்க தோஷத்தில் எண்ணெய் தடவினாள், வலது மூலையை அழுத்தினாள், ஜெயம் நிஜமாகவே துள்ளினாள். குழாயை வைத்து உறிஞ்சி, கண்ணை மூடி, உடம்பைக் குலுக்கித் துப்பப்போகிற நேரத்தில் நாக்கு எலும்பின் முனையில் பட்டது.

வெங்கடரமணன் வீட்டு அம்மாள் வயிற்றிலிருந்து கோழி எலும்பு. பஜார் தெரு முழுக்கச் சிரிக்கும், அல்லது முழுக்க அடிக்க வரும். திரும்பிக்கொண்டு எடுத்துவிடலாம் என்று பார்த்தால், ஜெயம் முழங்கையை ஊன்றி எழுந்து, செல்போன் டார்ச்சை இவள் வாய்க்கு நேராக அடித்துக்கொண்டிருந்தாள். என்ன வரப்போகிறது என்று பார்க்க அவ்வளவு ஆசை. ரஞ்சிதத்துக்கு வேறு வழி இல்லை. விழுங்கினாள். எலும்பு தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது.

“இன்னிக்கி வரலம்மா. கொடலு இறுக்கிப் புடிச்சிக்கினு இருக்குது. இன்னொரு நாள் வாங்க.”

“உன் தொண்டையில ஏதோ இறங்குச்சே, நான் பார்த்தேனே” என்றாள் ஜெயம். ரஞ்சிதம் அதெல்லாம் எச்சில் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அனந்தபுரத்து ஆள் பிற்பாடு வந்தார். அவருக்கு முடிதான் கிடைத்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார்.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் இல்லை. பிறகு தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது. கேஸ் என்றாள் ரஞ்சிதம். ஓமத்தண்ணி குடித்தாள், சோடா குடித்தாள். வலி மெல்ல நகர்ந்து வலது பக்கம் இடுப்பெலும்புக்கு உள்ளே, அவள் ஊரார் வயிற்றிலெல்லாம் கட்டை விரலால் அழுத்திக் காட்டிய அதே மூலையில் போய் நின்றது. பாயில் சுருண்டு கிடந்தவளை ராஜாங்கம் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“மண்டகப்பட்டுல ஒருத்தன் தொக்கம் எடுக்கறானாமே. போயிப் பாக்கலாமா?”

“அவன் ஃபிராடுய்யா” என்றாள் ரஞ்சிதம். அந்த வலியிலும் தொழில் ரோஷம் போகவில்லை. “அவன் எங்கருந்து எடுக்கறான்னு எனக்குத் தெரியாதா?”

மறுநாள் வாந்தியும் ஜுரமும் வந்து, வயிறு பலகையாக இறுகியபோது ராஜாங்கம் அவளைக் கேட்காமல் நூற்றியெட்டுக்குப் போன் செய்தான். ஆம்புலன்ஸ் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று தெரிந்ததும் ரஞ்சிதம் வேறு எங்கேயாவது போகலாம் என்றாள். ஆம்புலன்ஸ்காரர்கள் நோயாளியின் விருப்பத்தை எல்லாம் கேட்டு வண்டி ஓட்டுவதில்லை.

அவசரப் பிரிவில் முதலில் வந்து நின்றது பிரீத்தி. ஜெயத்தின் அதே மூக்கு, அதே பேச்சு வேகம். ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அம்மா, ஒரு வாரத்துக்குள்ள எலும்பு, மீன் முள்ளு, குச்சி மாதிரி ஏதாவது முழுங்கிட்டீங்களா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா எங்களுக்கு ஈஸி.”

கேள்வி அவ்வளவு நேராக வரும் என்று ரஞ்சிதம் எதிர்பார்க்கவில்லை. எலும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எந்த எலும்பு, எப்போது, மெல்லாமல் எப்படி உள்ளே போனது என்று அடுத்த கேள்வி வரும். அன்றைக்குச் சாயங்காலமே அது ஜெயத்தின் காதுக்குப் போகும், அங்கிருந்து பஜாருக்கு, பஜாரிலிருந்து ஊர் ஊராக. உயிரா பேரா என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் மனுஷர்கள் பேரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ரஞ்சிதமும் மனுஷிதான்.

“நான் இன்னா கொழந்தையா? சோறுதான் துன்னேன்” என்றாள்.

பிரீத்தி ராஜாங்கத்தைப் பார்த்தாள். ராஜாங்கம் ரஞ்சிதத்தைப் பார்த்தான். ரஞ்சிதம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். வீட்டு நடைமுறை ஆஸ்பத்திரியிலும் தொடர்ந்தது. ஸ்கேன் எடுத்ததில் வலது பக்கம் வீக்கமும் நீரும் தெரிந்தன. குடல்வால் வெடித்திருக்கும் என்று முடிவு செய்து ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து ஏறுகிற வரைக்கும் ரஞ்சிதத்துக்குச் செத்துப்போய்விடுவோம் என்ற பயம் இருந்தது. வயிற்றைத் திறந்ததும் எலும்பைப் பார்த்துவிடுவார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் கண் விழித்து, பேச்சு தெளிந்த பிறகு சர்ஜன் காயத்ரி கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். பிரீத்தி பின்னால் நின்றாள். டப்பாவுக்குள் அந்த எலும்பு இருந்தது. ரஞ்சிதத்துக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவள் உடைத்த உடைப்பு.

“குடல்வால்னு நெனச்சுத்தான் திறந்தோம். அது ரோஸ் கலர்ல ஜம்முனு இருந்துச்சு. பக்கத்துல பார்த்தா சிறுகுடலோட கடைசியில இது மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது” என்றாள் காயத்ரி. “ரெண்டு விரல் தள்ளிப் போயிருந்தா பெருங்குடலுக்குள்ள விழுந்து, அது பாட்டுக்கு வெளிய போயிருக்கும். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

ரஞ்சிதம் வாயைத் திறந்தது விஷயத்தை ஒப்புக்கொள்வதற்காக அல்ல. அவளுக்கு வேறு ஒரு சந்தேகம்.

“அதெப்படிம்மா சரியா அந்த மூலையில போயி நிக்குது?”

காயத்ரிக்கு இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற நோயாளி கிடைத்ததில் சந்தோஷம். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“சிறுகுடல் மூணு பாகம்மா. முதல் பாகம் சின்னது, இரைப்பையை ஒட்டி ஒரு வளைவு. ரெண்டாவது பாகம் கொஞ்சம் தடியா, உள்ளே நிறைய மடிப்போட இருக்கும். மூணாவதுதான் இருக்கறதுலயே நீளம். பின்சிறுகுடல், நாங்க இலியம்னு சொல்லுவோம். ரெண்டு ஆளை நெட்டுக்கு நெட்டுப் படுக்கவெச்ச நீளம் வரும். அவ்ளோத்தையும் இந்த அடிவயித்துல சுருட்டி வெச்சிருக்கு. போகப் போகக் குழாய் சன்னமாகும், சுவர் மெலிசாகும்.”

“தொங்கிக்கினு இருக்குமா?”

“முதுகுப் பக்கத்துலருந்து ஒரு ஜவ்வு விசிறி மாதிரி விரிஞ்சு வந்து அதைப் பிடிச்சிருக்கும். ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அதுக்குள்ளதான் வருது. இடது பக்கம் மேலருந்து சுத்திச் சுத்தி வந்து, கடைசியில வலது பக்கம் கீழ இந்த மூலையில பெருங்குடல்ல போய்ச் சேரும். சேர்ற எடத்துல உதடு மாதிரி ரெண்டு மடிப்பு இருக்கு. ஒரு வழிக் கதவு. அந்தப் பக்கம் போனது இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. கூராவோ பெருசாவோ எது வந்தாலும் அந்த வாசல்ல மாட்டிக்க வாய்ப்பு அதிகம். சுவர் வேற மெலிசு. குத்திடுச்சு.”

ரஞ்சிதம் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டாள். பீரோவை நம்பிச் சொன்ன இடம் சரியாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் எல்லார் வயிற்றிலும் இல்லாத ஒன்று அங்கே இருப்பதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தன் வயிற்றில் நிஜமாகவே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து வெட்கப்பட்டாள்.

“அந்தக் கடைசிப் பாகத்துக்கு வேற வேலையும் உண்டு” என்று காயத்ரி எழுந்தாள். “ரத்தம் ஊர்றதுக்கு வேண்டிய பி ட்வெல்வ்ங்கற சத்தை உடம்புக்குள்ள இழுக்கறது அந்த எடம்தான். பித்தநீரையும் வீணாக்காம திருப்பி அனுப்பிடும். சுவர்ல திட்டுத் திட்டா காவல்காரங்க மாதிரி உக்காந்து கிருமியைக் கவனிக்கற எடங்களும் இருக்கு. சிலருக்குக் கிருமி அந்தக் காவலையே புடிச்சுக்கும். நல்லவேளை, உங்களுக்கு வெட்டி எடுக்க வேண்டி வரலை. தெச்சு மூடிட்டோம். இனிமே மென்னு சாப்பிடுங்க.”

காயத்ரி போன பிறகும் பிரீத்தி போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கம்மா எல்லாம் சொன்னாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தாங்களாமே.”

ராஜாங்கம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதில் தண்ணீர் நிறைய இருந்தும், பிடித்து வருவதாக வெளியே போனான்.

“நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல” என்றாள் பிரீத்தி. “உங்க தொழிலைப் பத்தி எனக்குப் பேச நேரமும் இல்ல. ஆனா உங்க வயித்துல எலும்பு எடுத்த விஷயம் எப்படியோ பஜாருக்குப் போயிடுச்சு. அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க, அது அவங்க தொக்கமாம். நீங்க உறிஞ்சி உங்க வயித்துக்கு வாங்கிக்கிட்டீங்களாம். அதனால அவங்களுக்குச் சரியாயிடுச்சாம். நாளைக்குக் கொலோனோஸ்கோப்பி, குழாய்ப் பரிசோதனைக்கு நாள் வாங்கி வெச்சிருந்தேன். வர மாட்டேன்னுட்டாங்க.”

“வலி நின்னுடுச்சா?”

“எங்க நின்னுது? நேத்தும் ஜுரம். மறைக்கறாங்க. அவங்களுக்கும் அதே எடம்தான், பின்சிறுகுடல் கடைசி. உள்ள புண்ணு இருக்குன்னு நெனைக்கிறேன். டிபியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம், பார்த்தாதான் தெரியும். விட்டுட்டா சுருங்கி அடைச்சுக்கும். அப்பறம் வயித்தைத் திறக்கணும்.” பிரீத்தியின் குரல் டாக்டர் குரலாக இல்லை. “நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நான் மகதானே, எனக்கு என்ன தெரியும். நீங்க சொன்னா கேப்பாங்க.”

அன்று மத்தியானம் ஜெயம் வந்தாள். இளநீர், ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு புதுப் புடவை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ரஞ்சிதத்தின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவள் பாதியில் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெளுத்திருந்தது. இதையெல்லாம் அன்றைக்கு டார்ச் வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ரஞ்சிதம் கவனிக்கவே இல்லை. நிஜமாகவே நோய் உள்ளவர்கள் தன்னிடம் வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே கிடையாது.

“என் வயித்துல இருந்ததை உன் வயித்துக்கு வாங்கிக்கிட்டியே ரஞ்சிதம். நீ மனுஷியே இல்ல, தெய்வம்” என்றாள் ஜெயம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அது எப்படி என் வயித்துக்குள்ள வந்துச்சுன்னும் கண்டுபிடிச்சுட்டேன். திருவண்ணாமலைக்குப் போறப்ப ஒரு ஓட்டல்ல வெஜ் பிரியாணி சாப்பிட்டோம். அப்பவே எனக்குச் சந்தேகம்.”

ரஞ்சிதம் தெய்வமாகவே இருந்துவிடலாம். சும்மா படுத்திருந்தால் போதும். ஊர் திரும்பினால் வீட்டு வாசலில் ஆட்டோ நிற்க இடம் இருக்காது, மண்டகப்பட்டுக்காரன் கடையை மூட வேண்டியதுதான். அவளுக்கு ஜெயத்தின் வெளுத்த உதட்டைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

“அது ஒங்க வயித்துல இருந்தது இல்லம்மா. எம் வாயில இருந்தது.”

“ஆமா. என் வயித்துலருந்து உன் வாய்க்கு வந்துது, அங்கிருந்து...”

“இல்லம்மா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே வாயில இருந்துச்சு. நான்தான் வெச்சேன். எங்க ஊட்டுக் கோழி. எல்லாருக்கும் அப்டித்தான் வெப்பேன். இத்தினி வருசமா ஒருத்தர் வயித்துலருந்தும் நான் ஒண்ணும் எடுக்கல.”

சொல்லி முடித்ததும் ரஞ்சிதத்துக்குத் தையல் போட்ட இடம் விண்ணென்று வலித்தது. ஜெயம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், புடவையைத் திருப்பி எடுத்துக்கொள்வாள், ஊரைக் கூட்டுவாள் என்று ரஞ்சிதம் காத்திருந்தாள். ஜெயத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“எனக்குத் தெரியாதா ரஞ்சிதம். சைவக் குடும்பத்துப் பொம்பள வயித்துல எலும்புன்னா எங்க மானம் போயிடும்னுதானே பழியை நீ ஏத்துக்கற? உன் பேரு கெட்டாலும் பரவால்ல, எங்க பேரு கெடக் கூடாதுன்னு நினைக்கறியே. யாருக்கு இந்த மனசு வரும்?”

பக்கத்துக் கட்டில்காரி மூக்கைச் சிந்தினாள். அவளும் நம்பிவிட்டாள். ஒரு பொம்பளை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொன்னால், அதைத் தியாகம் என்று சொல்லி மாலை போடுகிறார்கள். ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கினால் தையல் இழுக்கும் என்பதால் அடக்கிக்கொண்டாள். நிஜம் செல்லுபடியாகாது என்று தெரிந்துவிட்டது. கைவசம் இருப்பது இன்னொன்றுதான், அதில் அவளுக்கு நல்ல அனுபவம் இருந்தது. கண்ணை மூடினாள். ஜெயத்தின் வலது பக்கத்தில் கட்டை விரலை வைத்தாள். இந்தத் தடவை மெதுவாக வைத்தாள்.

“இங்க இன்னொண்ணு இருக்குது.”

ஜெயத்தின் முகம் மாறியது. “இன்னொண்ணா? அந்த பிரியாணியா?”

“அது இன்னான்னு எனக்குத் தெரியல. கதவாண்ட உக்காந்துக்கினு இருக்குது. இது எங் கொளாய்க்கு வராது.”

“நீ உடம்பு தேறி வா. நான் காத்திருக்கேன்.”

“காத்திருக்கக் கூடாதும்மா. அது மேல் வழியா வராத ஜாதி. கீள இருந்துதான் போவணும். ஒங்க பொண்ணு சொல்ற கொளாய்தான் அது வரைக்கும் எட்டும். நாளைக்கே போயிடுங்க.”

“அந்தக் கொழாயா?” ஜெயம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள். “எனக்குக் கூச்சமா இருக்குது ரஞ்சிதம்.”

“எனக்கு வயித்தையே பொளந்து பாத்துட்டாங்க. கூச்சப்பட்டதுலதான் இவ்ளோ தூரம் வந்துச்சு” என்றாள் ரஞ்சிதம். “நான் சொல்றேன். போங்க.”

ஜெயம் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அந்தக் குழாயில் என்ன வெளியே வரும் என்று கேட்டாள். ஒன்றும் வராது, உள்ளே பார்ப்பார்கள், துளி எடுத்துச் சோதிப்பார்கள் என்று ரஞ்சிதம் சொன்னதும் அவள் முகத்தில் லேசான ஏமாற்றம். பார்ப்பது மட்டும் ஒரு வைத்தியமா என்று முணுமுணுத்தாள். ஆனால் மறுநாள் போனாள்.

குழாய் பெருங்குடலைச் சுற்றி வந்து, அந்த உதட்டு மடிப்பைத் தாண்டி எட்டிப் பார்த்ததில் பின்சிறுகுடலின் கடைசி முழுக்கப் புண். துளி எடுத்துச் சோதித்ததில், பிரீத்தி சந்தேகப்பட்டபடி டிபிதான். ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை, நடுநடுவே பரிசோதனை. கொஞ்சம் கொஞ்சமாக ஜுரம் நின்று, ஜாக்கெட் பழையபடி பொருந்த ஆரம்பித்தது. இதற்கான பாராட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குச் செஞ்சி பஜாரைத் தெரியாது. பாத்திரக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், அறுபது ஸ்கேன் எடுத்தாலும் தெரியாததை ரஞ்சிதம் ஒரு விரலை வைத்துச் சொல்லிவிட்டாள் என்று ஜெயம் சொன்னாள். மாத்திரை போட்டது மகளின் திருப்திக்காகவாம்.

ரஞ்சிதம் வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். அவள் எல்லாரையும் படுக்கவைத்து, விரலை வைத்து, கண்ணை மூடினாள். அஜீரணத்துக்கு ஓமத்தண்ணி சொன்னாள். மற்றவர்களுக்கு, “இது எங் கொளாய்க்கு வராது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாள். சிலர் கோபித்துக்கொண்டு மண்டகப்பட்டுக்குப் போனார்கள். ரஞ்சிதமே எடுக்க முடியாத தொக்கம் தன் வயிற்றில் இருக்கிறது என்று பலர் பெருமையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு. ராஜாங்கம் றெக்கைத் துண்டைத் தின்று முடித்து, எலும்பைச் சுத்தமாக நாக்கால் துடைத்து, எப்போதும் போலத் தட்டின் ஓரத்தில் வைத்தான். ரஞ்சிதம் அதைப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து இருவரும் பேசாத விஷயம் ஈரத்தோடு தட்டில் கிடந்தது.

“இனிமே அது வேணாம்யா” என்றாள்.

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தான். எது என்று கேட்கவில்லை. எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அப்ப நானே மென்னுக்கலாமா?” என்றான். “றெக்கை எலும்புதான் எனக்கு ரொம்பப் புடிக்கும்.”

ரஞ்சிதத்துக்கு அழுகை வந்தது. “மென்னுக்க” என்றாள். “நல்லா மென்னு துன்னு.”